ஏறும்போது கத்தும், இறங்கும்போது வெடிக்கும்: ஒரு போடிமெட்டு வண்டியின் சைலன்சர் வேலை

"ஏறும்போது டிராக்டர் மாதிரி கத்துதுண்ணே, இறங்கும்போது பட்டாசு போடுது." வண்டிக்காரர் சொன்ன புகார் இவ்வளவுதான். இதைவிட நல்ல புகார் கிடைக்காது. சத்தம் எங்கே வருகிறது என்று கேட்டால் ஆளுக்கொரு இடம் காட்டுவார்கள். எப்போது வருகிறது என்று கேட்டால் சரியாகச் சொல்வார்கள். சைலன்சர் வேலையில் அந்த 'எப்போது'தான் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

வண்டி 100 சிசி, ஒற்றை சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக், கார்புரேட்டர் காலத்தது. போடிநாயக்கனூரிலிருந்து முந்தல் வழியாகப் போடிமெட்டு ஏறி, கேரள எல்லை தாண்டிப் பூப்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கு வாரத்தில் ஐந்தாறு நாள் போய்வரும். போடியிலிருந்து மெட்டு வரை சுமார் 26 கி.மீ.; அதற்குள் ஆயிரம் மீட்டர் ஏற்றம். பின்னால் பெரும்பாலும் ஒரு மூட்டை இருக்கும். தோட்டத்துக்குள் நுழைந்தால் தார் கிடையாது, கல் பாதைதான். ஏற்கெனவே இரண்டு தடவை சைலன்சர் பேக்கிங் (புகை ஒழுகாமல் ஜாயிண்டில் வைக்கும் வளையம்) மாற்றியாயிற்று. ஒவ்வொரு தடவையும் மூன்று வாரத்தில் சத்தம் திரும்பிவிட்டது. கடைசியாகப் பார்த்த பட்டறையில் சைலன்சரையே புதுசு போடச் சொல்லியிருந்தார்கள்.

ஏற்றத்தில் ஒன்று, இறக்கத்தில் ஒன்று

இரண்டாவது கியரில் மூட்டையோடு ஏறும்போது ஆக்சிலேட்டர் முழுக்கத் திறந்திருக்கும். சிலிண்டரிலிருந்து வெளியே வரும் புகையின் அழுத்தம் அப்போதுதான் அதிகம். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டும், அதிலிருந்து புகையைச் சைலன்சருக்குக் கொண்டுபோகும் பெண்ட் பைப்பும் சேரும் இடத்தில் மயிரிழை சந்து இருந்தாலும் அதன் வழியே சுரீர் சுரீர் என்று பீய்ச்சும்; மேலே உட்கார்ந்திருப்பவருக்கு அது 'டக் டக் டக்' என்று கேட்கும்.

இறக்கத்தில் கதை மாறுகிறது. ஆக்சிலேட்டரை மூடி, கியரில் விட்டு இறங்கும்போது சிலிண்டருக்குள் போகும் பெட்ரோல்-காற்றுக் கலவை மிகக் கொஞ்சம். அது சில சுற்றுகளில் எரியாமலே வெளியே வந்துவிடும். ஒவ்வொரு தள்ளலுக்கும் அடுத்த தள்ளலுக்கும் நடுவில் பைப்புக்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறையும். அந்த நேரத்தில் அதே சந்து வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபடும். எரியாத பெட்ரோல், புதுக் காற்று, சூடான பைப் மூன்றும் கூடினால் வெடிக்காமல் என்ன செய்யும்?

ஆக, ஏற்றத்தில் கத்தலும் இறக்கத்தில் வெடியும் ஒன்றாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது ஹெட்டில் இருக்கும் முதல் ஜாயிண்ட். சைலன்சர் நடுவில் ஓட்டை என்றால் ஏற்றத்தில் பொத்தலான, தடித்த சத்தம் வரும். இறக்கத்தில் வெடி அவ்வளவு இருக்காது.

இந்த இடத்தில் பலர் வால்வைத் தட்டித் திறக்கும் டாப்பெட்டைச் சந்தேகப்படுவார்கள், அதற்குக் காரணமும் உண்டு. நாலு ஸ்ட்ரோக்கில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு தடவைதான் புகை தள்ளும். ஐடிலிங் நிமிடத்துக்கு 1,400 சுற்று என்றால் 700 தள்ளல். டாப்பெட்டை இயக்கும் கேம் ஷாஃப்டும் அதே பாதி வேகத்தில்தான் சுற்றுகிறது. அதனால் லீக்கும் டாப்பெட்டும் ஒரே தாளத்தில் தட்டும். தாளத்தை வைத்துப் பிரிக்க முடியாது. பாரத்தை வைத்துப் பிரிக்கலாம். டாப்பெட் சத்தம் ஏற்றமானாலும் சமதளமானாலும் ஏறக்குறைய ஒரே அளவு. லீக் சத்தம் ஆக்சிலேட்டரோடு ஏறும், இறங்கும். இன்னொன்று: காலையில் முதல் கிக்கில் பலமாகத் தட்டி, ஐந்து நிமிடத்தில் இன்ஜின் சூடேறி உலோகம் விரிந்ததும் அடங்கினால் அது பெரும்பாலும் பேக்கிங் லீக்.

சந்தைக் கண்டுபிடிப்பது

இன்ஜின் முழுசாக ஆறியிருக்க வேண்டும். ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் பார்ப்பது உத்தமம்.

ஸ்டார்ட் பண்ணி, நனைத்துப் பிழிந்த கோணித் துணியை மடித்துச் சைலன்சர் வாயில் மூன்று நான்கு நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒழுகாத வண்டி திணறி அணைந்துவிடும். இந்த வண்டி அணையவில்லை. புகைக்கு வேறு வழி இருக்கிறது என்று அர்த்தம். அடைத்த நொடியில் ஹெட் பக்கம் 'ஸ்ஸ்' என்று கேட்டது.

அடுத்து ஊதுபத்தி. ஐடிலிங்கில் ஓடும்போது, பைப்பை ஹெட்டோடு பிடிக்கும் ஃப்ளேஞ்சைச் சுற்றி ஒரு விரல் இடைவெளியில் மெதுவாக நகர்த்தினால் புகை நூல் போல மேலே போகும். சந்து இருக்கும் இடத்தில் அந்த நூல் துண்டு துண்டாக வெட்டுப்படும். ஒரு துண்டு வெளியே தள்ளப்படும், ஒரு துண்டு உள்ளே இழுபடும். டாப்பெட்டா லீக்கா என்ற வழக்கு அத்தோடு முடிந்தது. பெட்ரோல் ட்யூப் ஒழுகும் வண்டியில் இதைச் செய்யக் கூடாது. முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும், அல்லது ஆறிய ஜாயிண்டில் சோப்புத் தண்ணீர் தடவி, ஸ்டார்ட் ஆன முதல் அரை நிமிடத்தில் குமிழி வருகிறதா என்று பார்க்கலாம்.

டார்ச் அடித்துப் பார்த்ததில் ஃப்ளேஞ்சின் இடது நட்டுக்குக் கீழே, ஹெட்டின் இறக்கைகள் மேல் கரி விசிறி போலப் படிந்திருந்தது. விசிறியின் காம்பு எங்கே இருக்கிறதோ அங்கேதான் சந்து.

பேக்கிங் ஏன் நிற்கவில்லை

இரண்டு பேக்கிங் மூன்று மூன்று வாரத்தில் போயிருக்கிறது என்றால் மூன்றாவதைப் போடுவதற்கு முன் காரணம் தெரிய வேண்டும். சைலன்சரின் வால் பக்கத்தைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டியபோது தெரிந்துவிட்டது. ஃபுட்ரெஸ்டுக்குப் பின்னால் சைலன்சரைத் தாங்கும் 8 மி.மீ. போல்ட் எப்போதோ விழுந்து, அந்த இடத்தில் 6 மி.மீ. போல்ட்டும் ஒரு மெல்லிய வாஷரும் மாட்டியிருந்தது. பிராக்கெட் துளை தேய்ந்து முட்டை வடிவமாகிவிட்டது. கல் பாதையில் ஒவ்வொரு குலுக்கலுக்கும் சைலன்சரின் வால் ஆடும். அந்த நீள நெம்புகோலின் மறுமுனையில் இருப்பவை இரண்டே இரண்டு சின்ன நட்டு. பேக்கிங் அங்கே இடிபட்டு நசுங்கியிருக்கிறது. பேக்கிங் மாற்றியவர்கள் முன்பக்கம் மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

கழற்றும்போது

சின்ன வண்டிகளில் ஃப்ளேஞ்சைப் பிடிப்பது பெரும்பாலும் 6 மி.மீ. ஸ்டட் (ஹெட்டில் ஊன்றிய தலையில்லாப் போல்ட்), 10 நம்பர் நட். மலையில் ஓடும் வண்டியில் இவை சும்மா வராது. ஜூனில் கேரளப் பக்க மழை, அக்டோபரில் நம் பக்க மழை என்று எல்லை வண்டி வருசத்துக்கு இரண்டு மழைக்காலம் நனைகிறது. முதல் நாள் சாயங்காலமே வயர் பிரஷ் போட்டுத் தேய்த்து, துருநீக்கி எண்ணெய் விட்டு ஊறப்போட வேண்டும். மறுநாள் கழற்றும்போது எடுத்த எடுப்பில் தளர்த்தாமல், முடுக்கும் பக்கம் மயிரளவு அசைத்துவிட்டு அப்புறம் திருப்பினால் துருப் பிடிப்பு விடும். ரிங் ஸ்பானர்தான், ஓப்பன் ஸ்பானர் போட்டால் நட் மூலை வழுக்கிவிடும்.

இவ்வளவு செய்தும் வலது ஸ்டட் முறிந்தது. நல்லவேளை, ஹெட்டுக்கு வெளியே நாலு மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தது. அதன் மேல் உள்விட்டம் கொஞ்சம் பெரிய நட்டை வைத்து, உள்ளே வெல்டிங்கால் நிரப்பினோம். வெல்டிங்குக்கு முன் பெட்ரோல் டாங்கைக் கழற்றித் தூரமாக வைத்து, கார்புரேட்டரைக் காலி செய்து, பேட்டரி இணைப்பையும் பிளக்குக்குத் தீப்பொறி தரும் சிடிஐ யூனிட் இணைப்பையும் பிடுங்கிவிட வேண்டும். எர்த் கிளாம்ப் ஹெட்டிலேயே இருக்க வேண்டும். சேஸியில் மாட்டினால் கரண்ட் பேரிங் வழியாகப் போய் அதைக் கெடுக்கும். வெல்டிங் சூடு இங்கே இரட்டை வேலை செய்கிறது: நட்டைப் பிடிக்கவைக்கிறது, துருவையும் உடைக்கிறது. சிவப்பு போனதும், ஆனால் கை வைக்க முடியாத சூட்டில், முன்னும் பின்னும் அசைத்து அசைத்து எடுத்தால் வந்துவிடும். அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிவதால், ஹெட் சூடாக இருக்கும்போது மரை தளர்ந்தே இருக்கும்.

ஸ்டட் ஹெட் மட்டத்தோடு முறிந்திருந்தால் நட்டு வேலை நடக்காது. நடுமையத்தில் பஞ்ச் வைத்து, 5 மி.மீ. டிரில் நேராக ஓட்டி, மரை வெட்டும் 6×1 டேப் போட்டுப் பழைய மரையைச் சுத்தம் செய்ய வேண்டும். டிரில் சாய்ந்து அலுமினியத்தைத் தின்றுவிட்டால் 6.3 மி.மீ. துளையிட்டு, அதற்கான டேப் ஓட்டி, கம்பிச்சுருள் இன்சர்ட் போடலாம். லேத் பட்டறையில் கொடுப்பதானால் ஹெட்டைக் கழற்றித்தான் கொடுக்க வேண்டும். அதனால்தான் அந்த ஒரு ராத்திரி எண்ணெய் ஊறல் இவ்வளவு முக்கியம்.

ஹெட்டில் புகை வெளியேறும் வழியான போர்ட்டுக்குள் பார்த்தால் இன்னொரு கூத்து. பழைய பேக்கிங்கை எடுக்காமல் அதன் மேலேயே புதுசை வைத்திருக்கிறார்கள். நசுங்கிய வளையம் கரியோடு கரியாக ஒட்டி, போர்ட்டின் ஓரம் போலவே தெரியும்; டார்ச் இல்லாமல் பார்ப்பவருக்குத் தெரியாது. மெல்லிய ஸ்க்ரூடிரைவரின் முனையை வளைத்துக் கொக்கியாக்கி, வளையத்தின் உள்விளிம்பில் மாட்டி இழுத்தால் வரும். அலுமினிய உட்காருமிடத்தில் கீறல் விழக் கூடாது. விழுந்தால் அந்தக் கீறலே அடுத்த சந்து. முழுச் செம்பு வளையமாக இருந்தால் சிவக்கச் சூடேற்றித் தண்ணீரில் போட்டு மறுபடி மெதுவாக்கிக்கொள்ளலாம். உள்ளே நார் வைத்துத் தகடு சுற்றிய வளையம் ஒரு தடவைக்குத்தான்.

ஃப்ளேஞ்சைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பார்த்ததில் இரண்டு காதும் வாழைப்பழம் போல வளைந்திருந்தது. சத்தம் நிற்கவில்லை என்று நட்டை மேலும் மேலும் முடுக்கியதன் பலன் அது. வைஸில் பிடித்து நிமிர்த்தி, அரத்தால் ஒரு தடவை சமன் செய்தாயிற்று.

மாட்டும் வரிசை

இந்த வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. புது ஸ்டட்டின் மரையில் செம்பு கிரீஸ். சாதாரண கிரீஸ் அந்தச் சூட்டில் கருகிச் சிமெண்டு போலாகிவிடும். பேக்கிங் கீழே விழாமல் இருக்க மட்டும் ஒரு பொட்டு சாதாரண கிரீஸ் தொட்டு போர்ட்டில் ஒட்டலாம். முதல் ஒரு நிமிடம் புகையும், பயப்பட வேண்டாம். சைலன்சரைத் தூக்கி வைத்து, பின்பக்க 8 மி.மீ. போல்ட்டை நுழைத்து இரண்டு மரை மட்டும் பிடிக்கவைக்க வேண்டும். முடுக்கக் கூடாது. பிறகு முன் நட்டுகளைக் கையால் முடிந்தவரை, இரண்டு பக்கமும் சமமாக. அதற்குப் பிறகு ஸ்பானர்: இடது அரைச் சுற்று, வலது அரைச் சுற்று, மாற்றி மாற்றி. 6 மி.மீ. மரைக்கு 10 நியூட்டன் மீட்டர் போதும். டார்க் ஸ்பானர் இல்லாதவர்கள் ரிங் ஸ்பானரைக் கழுத்தருகே பிடித்து மணிக்கட்டு பலத்தில் மட்டும் முடுக்கினால் அந்த அளவு வரும். 8 மி.மீ. ஸ்டட் உள்ள பெரிய வண்டிக்கு இதைப் போல இரண்டு மடங்கு. முன்பக்கம் உட்கார்ந்த பிறகே பின்போல்ட்.

பின்போல்ட்டை முதலில் முடுக்கினால் பைப் தன் இஷ்டத்துக்கு ஒரு கோணத்தில் நின்றுவிடும். ஃப்ளேஞ்ச் ஒரு பக்கம் மட்டும் உட்காரும். ஸ்டட் நிரந்தரமாக வளைவு விசையில் இருக்கும், ஒரு நாள் முறியும். முட்டை வடிவத் துளையை வெல்டிங் வைத்து நிரப்பி மறுபடி 8 மி.மீ. துளையிட்டு, பெரிய வாஷரும் ஸ்பிரிங் வாஷரும் போட்டாயிற்று.

மிச்சம் இருந்த வெடி

முந்தல் வரை போய்த் திரும்பியதில் டக் டக் சுத்தமாக இல்லை. ஆனால் இறக்கத்தில் சின்ன சின்ன வெடி இன்னும் இருந்தது. இதற்கு இரண்டு பேர் காரணமாக இருக்கலாம். ஒன்று, புகையைச் சுத்தமாக்க எக்ஸாஸ்ட் போர்ட்டுக்குள் காற்று விடும் ஏர் வால்வு. ஆக்சிலேட்டரை மூடும்போது அது காற்றை நிறுத்த வேண்டும், உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்திருந்தால் நிறுத்தாது. அதன் ரப்பர் குழாயைச் சோதனைக்காக மட்டும் நெரித்துப் பிடித்து ஓட்டிப் பார்த்ததில் மாற்றமில்லை. ஆக, இரண்டாமவர்: கார்புரேட்டர்.

கேட்டுப் பார்த்தால் டியூனிங் பூப்பாறைப் பக்கம் செய்தது. போடியைவிட மெட்டில் காற்றழுத்தம் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. மேலே சரியாக இருக்கும் பெட்ரோல் அளவு கீழே அடர்ந்த காற்றுக்குக் கொஞ்சம் பற்றாது. அந்தப் பற்றாக்குறைக் கலவைதான் இறக்கத்தில் எரியாமல் வெளியே வந்து வெடிக்கிறது. கீழே டியூன் செய்த வண்டி மேலே போனால் பெட்ரோல் மிஞ்சி, பிளக் கறுத்து, பொட பொட என்று ஓடும். எல்லை வண்டிக்கு எப்போதும் இந்த இழுபறிதான். கீழே டியூன் செய்து மேலே கொஞ்சம் கறுப்பைப் பொறுத்துக்கொள்வதே நல்லது. பெட்ரோல் பற்றாத கலவை ஏற்றத்தில் இன்ஜினைச் சூடாக்கும்.

கலவை ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்று ஸ்க்ரூ, உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும். இன்ஜின் பக்கம் இருந்தால் அது பெட்ரோல் ஸ்க்ரூ, வெளியே திருகினால் கூடும். இதை மாற்றிச் செய்து தலையைப் பிய்த்துக்கொள்பவர்கள் நிறைய. சூடான இன்ஜினில், கால் கால் சுற்றாகத் திருகி ஐடிலிங் உச்சமாகும் இடத்தைப் பிடித்து, பெட்ரோல் கூடும் பக்கம் இன்னும் எட்டில் ஒரு சுற்று விட்டதில் வெடி அடங்கியது.

இறக்கத்தில் சாவியை ஆஃப் பண்ணிக் கியரிலேயே உருட்டும் பழக்கம் இந்தப் பாதையில் பலருக்கு உண்டு, பெட்ரோல் மிச்சம் என்று. கார்புரேட்டர் வண்டியில் இன்ஜின் சுற்றும் வரை பெட்ரோல் உறிஞ்சப்பட்டுக்கொண்டே இருக்கும். அவ்வளவும் சைலன்சருக்குள் ஆவியாகச் சேரும். வளைவில் சாவியைப் போட்டதும் 'டமார்'. சைலன்சர் தையல் பிளப்பதற்கு இதைவிடச் சுருக்கு வழி இல்லை.

அடியில் இருந்த துரு

சைலன்சரைக் கழற்றியபோதே ரப்பர் சுத்தியலால் தட்டிப் பார்த்தது: முன்பாதி 'டங்', கடைசி ஒரு சாண் 'டப்'. ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்தினால் தகடு உள்ளே போனது. அடிப்பக்கம் மிளகு அளவில் மூன்று ஓட்டை.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியேறும். நீண்ட ஓட்டத்தில் சைலன்சர் சூடாகி அது முழுக்கப் போய்விடும். குளிர்ந்த தோட்டத்துக்குள் அரைக் கிலோமீட்டர், ஒரு கிலோமீட்டர் என்று ஓட்டி நிறுத்தினால் வால் பக்கம் சூடே ஏறாது. தண்ணீர் அடியில் தேங்கும். அது வடிவதற்காகவே கம்பெனிக்காரர்கள் சைலன்சர் அடியில் மூன்று நாலு மி.மீ. துளை ஒன்று விடுகிறார்கள். இந்த வண்டியில் அதை ஓட்டை என்று நினைத்து யாரோ வெல்டிங் வைத்து அடைத்திருந்தார்கள். காலையில் அங்கே சொட்டும் தண்ணீர் நல்ல அறிகுறி. அடைத்தால் ஒரே மழைக்காலத்தில் அடித்தகடு மாவாகிவிடும்.

ஒட்டுப்போட, துரு முடிந்து நல்ல தகடு தொடங்கும் வரை வெட்டி எடுக்க வேண்டும். ஓட்டையை மட்டும் அடைத்தால் வெல்டிங் ஓரத்தில் புது ஓட்டை விழும். ஒரு மி.மீ. கறுப்புத் தகடு, சுற்றிலும் ஒரு செ.மீ. மேல்படிய. துத்தநாகம் பூசிய ஜிஐ தகடு வேண்டாம். துத்தநாகப் புகை மூச்சில் போனால் ராத்திரி காய்ச்சல் வரும். குரோம் பூச்சையும் வெல்டிங் படும் இடத்தில் முதலில் தேய்த்து எடுத்துவிட வேண்டும், அந்தப் புகையும் நல்லதல்ல. ஆர்க் என்றால் 2 மி.மீ. ராடு, 50 ஆம்பியர் சுற்று வட்டம், பொட்டுப் பொட்டாக எதிரெதிர் பக்கம். தொடர்ந்து இழுத்தால் தகடு உருகிக் கொட்டும். கேஸ் வெல்டிங்கில் பித்தளை வைத்து ஒட்டுவது இந்த மெல்லிய தகட்டுக்கு இன்னும் பொருந்தும். எபாக்சி பசை வேலைக்காகாது. பழைய வடிதுளையை 4 மி.மீ. டிரில் போட்டுத் திரும்பத் திறந்தாயிற்று.

உலுக்கினால் உள்ளே கட கட என்று கேட்கும் வண்டியில் தடுப்புத் தகட்டின் வெல்டிங் விட்டிருக்கும். வெட்டித் திறந்து ஒட்டுவதைவிட வேறு சைலன்சர் மலிவு. ஆனால் அதற்கு முன் சூட்டுக் கவசத்தின் ஸ்க்ரூக்களைப் பார்த்துவிட வேண்டும். ஒரே ஒரு வேகத்தில் மட்டும் ஜிர்ரென்று அதிர்வது பெரும்பாலும் அதுதான். கட்டையால் அழுத்திப் பிடித்தால் சத்தம் நிற்கும்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புகை மாசு விதி) வண்டியில் இதே லீக் இன்னொரு தொல்லையும் தரும். பெண்ட் பைப்பில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாருக்கு முன்னால் சந்து இருந்தால் உள்ளே இழுபடும் காற்றைப் பார்த்து, பெட்ரோல் பற்றவில்லை என்று சென்சார் சொல்லும். பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஈசியு தேவையில்லாமல் பெட்ரோலைக் கூட்டும். சத்தத்தோடு மைலேஜும் குறைகிறது என்றால் முதலில் அங்கே பாருங்கள். இந்த வண்டிகளில் சைலன்சரைக் கழற்றாமல் வெல்டிங் வைக்கவே கூடாது. உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் குத்தி எடுத்தால் சத்தம் குறையாது, கூடும். 80 முதல் 175 சிசி வரையிலான வண்டிக்கு விதித்திருக்கும் ஒலி வரம்பு 77 டெசிபல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. எல்லையின் இரண்டு பக்கத்துக்கும் சட்டம் ஒன்றே.

முதல் போடிமெட்டு நடை முடிந்து, வண்டி முழுசாக ஆறிய பிறகு நட்டுகளை மறுபடி பார்த்தது. புதுப் பேக்கிங் நசுங்கி உட்கார்ந்ததில் முன்பக்கம் இரண்டும் கால் சுற்று இழுத்தன. பின்போல்ட் அசையவில்லை. வடிதுளையில் சைக்கிள் போக்ஸ் கம்பியை விட்டுக் குத்தியதும் ஒரு மேசைக்கரண்டி கறுப்புத் தண்ணீர் வடிந்தது.